மோட் பவலின் பெயர் ஏன் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மலரில் கிராமபோன் காலத்து வயலின் மேதைகள் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கிரைஸ்லர், எல்மன், ஹைஃபெட்ஸ் மூவரையும் பற்றி எழுதியவர் விஷயம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்காவின் விக்டர் கொம்பனி தன்னுடைய உயர்ந்த வரிசையான 'ரெட் சீல்' இசைத்தட்டுகளுக்குத் தனி வாத்தியம் வாசிக்க முதன்முதலாக அழைத்தது இந்த மூவரில் ஒருவரையும் இல்லை. 1904 இல் அவர்கள் அழைத்தது மோட் பவல் என்ற பெண்ணை. எல்மன் விக்டருக்கு வாசித்தது 1908 இல், கிரைஸ்லர் 1910 இல், ஹைஃபெட்ஸ் 1917 இல். கட்டுரை முழுக்கத் தேடிப் பார்த்தேன், அவருடைய பெயர் ஓரிடத்திலும் இல்லை.

ஒரு பெயர் விடுபட்டுப் போனதற்கு இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுத வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். நான் வயலின் சொல்லிக்கொடுக்கிறவள். என்னிடம் வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பெண் பிள்ளைகள். மற்ற ரீச்சர்மாரிடம் கேட்டாலும் கதை இதுதான். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் ஆசிரியர் தரம் வரைக்கும் ஏறி வருகிறார்கள், மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைப் பீடத்துக்குப் போய்ப் பட்டமும் எடுக்கிறார்கள். ஆனால் கோயில் திருவிழாவிலோ மண்டபத்திலோ ஒரு பெண் பிள்ளை நடுவில் அமர்ந்து, பக்கத்தில் மிருதங்கம் இருக்க, இரண்டு மணித்தியாலம் தனி வயலின் கச்சேரி செய்வதை எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? பரதநாட்டிய அரங்கேற்றத்தில் ஓரத்தில் இருப்பார்கள், வாய்ப்பாட்டுக்குப் பக்கவாத்தியமாக இருப்பார்கள், அதோடு சரி. அப்படிப்பட்ட ஊரில் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைப் பிரிக்கிற பிள்ளைக்கு, வயலின் மேதை என்றால் ஆண்தான் என்று மறுபடியும் ஒரு பக்கம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பது நல்லதா? அதுவும் உண்மை வேறாக இருக்கும்போது.

மோட் பவல் 1867 ஓகஸ்ட் 22 ஆம் திகதி அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பெரு என்ற சின்ன ஊரில் பிறந்தவர். தகப்பன் பள்ளிக்கூடங்களை நிர்வகித்தவர், தாய் பியானோ வாசிப்பார். அரோரா என்ற ஊரில் வளர்ந்து, அங்கேயே வயலின் தொடங்கி, பிறகு சிக்காகோவுக்கு ரயிலில் போய் வில்லியம் லூயிஸ் என்பவரிடம் படித்தார். அந்த வயதில்தான் கமிலா உர்சோ என்ற பெண் வயலின் கலைஞரின் கச்சேரியைக் கேட்டார். தன்னைப் போன்ற ஒருத்தி மேடையின் நடுவில் நின்று வாசிப்பதை ஒரு சின்னப் பிள்ளை நேரே கண்டுவிட்டாள் என்றால் அதற்குப் பிறகு அவளுக்கு "பெண்ணால் முடியுமா" என்ற கேள்வியே எழாது. நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வந்ததும் இதுதான்.

1881 இல் மகளை ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்புவதற்காக அந்தக் குடும்பம் இருந்த வீட்டையே விற்றது. தாயும் தம்பியும் கூடப் போக, தகப்பன் வேலையோடு ஊரில் இருந்துவிட்டார். வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பக் காணி விற்ற ஊர்தானே எங்களுடையது, அதனால் அந்த முடிவின் பாரம் என்னவென்று உங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெண் பிள்ளை வயலின் படிக்க வேண்டும் என்பதற்காக விற்றார்கள், அதுவும் 1881 இல். லீப்சிக்கில் ஷ்ராடிக், பாரிஸில் தாங்க்லா, கடைசியில் பேர்ளினில் யோசப் யோவாகிம் என்ற ஆசிரியர்களிடம் படித்தார். யோவாகிம் அந்தக் காலத்து ஐரோப்பாவில் வயலினுக்குக் கடைசி வார்த்தை என்று கருதப்பட்டவர். 1885 இல் பேர்ளின் பில்ஹார்மோனிக் என்ற பெரிய வாத்தியக் குழுவோடு (ஓர்கெஸ்ட்ரா) வாசித்து அரங்கேறிவிட்டு, அதே வருடம் நவம்பரில் நியூயோர்க் பில்ஹார்மோனிக்கோடு தியோடர் தோமஸின் தலைமையில் வாசித்தார். வயது 18.

சரி, கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. அவருடைய பெருமை அதற்குப் பிறகு அவர் எதை வாசித்தார் என்பதில் இருக்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் வயலின் கொன்செர்ட்டோவை, அதாவது ஓர்கெஸ்ட்ராவோடு தனி வயலின் வாசிக்கிற நீண்ட உருப்படியை, இன்றைக்கு உலகத்தில் தெரியாத வயலின்காரர் இல்லை, ஆனால் அது 1881 இல் வியன்னாவில் முதலில் வாசிக்கப்பட்டபோது விமர்சகர் ஹான்ஸ்லிக் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதை 1889 இல் அமெரிக்க மேடைக்கு முதலில் கொண்டுவந்தது மோட் பவல். திவோர்ஷாக் நியூயோர்க்கில் தங்கியிருந்த காலத்தில், 1894 இல், அவருடைய கொன்செர்ட்டோவை அந்த நகரத்திலேயே வாசித்தார். சிபேலியஸ் தன் கொன்செர்ட்டோவைத் திருத்தி எழுதி, அது பேர்ளினில் அரங்கேறியது 1905 இல். அடுத்த வருடம் நவம்பரில் நியூயோர்க்கில் மோட் பவல் வாசிக்கிறார். மை காயாத உருப்படி என்று சொல்லலாம். கேட்டுப் பழகியதைத் திருப்பி வாசித்துக் கைதட்டு வாங்குவது சுலபம். சபைக்குப் பிடிக்குமோ இல்லையோ என்று தெரியாத ஒன்றை, பெரிய ஓர்கெஸ்ட்ராக்கள் பெண்களை உள்ளே சேர்க்காத காலத்தில், அதே ஓர்கெஸ்ட்ராக்களுக்கு முன்னால் தனியாளாக நின்று வாசிப்பதற்கு வேறு தைரியம் வேண்டும். 1893 இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் வாசித்ததோடு நிற்காமல், அங்கே நடந்த பெண்கள் இசை மாநாட்டில் பெண்களும் வயலினும் என்ற பொருளில் கட்டுரையும் படித்தார். அடுத்த வருடம் தன் பெயரிலேயே நால்வர் குழு ஒன்றை அமைத்தார். மற்ற மூவரும் ஆண்கள், தலைமை இவர்.

இனி இசைத்தட்டுகள். எங்கள் வீடுகளில் நாய் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் படம் போட்ட பிளேட்டுகள் ஒரு காலத்தில் இருந்தன, பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் அதே நாய்ப் படத்தைப் போட்டு விற்றதுதான் விக்டர் கொம்பனி. 1904 இல் ஒலிவாங்கி கிடையாது, மின்சாரப் பதிவு வந்தது 1925 இல்தான். ஒரு சின்ன அறை, சுவரில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் குழாய், அதன் வாய்க்கு மிகக் கிட்ட நின்று வாசிக்க வேண்டும். சத்தத்தின் அதிர்வு மட்டும்தான் அந்தப் பக்கத்தில் இருக்கிற ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். வேறு எந்த உதவியும் இல்லை. மெதுவாக வாசித்தால் மெழுகில் ஏறாது, ஓங்கி வாசித்தால் ஊசி துள்ளும். கீழ்த் தந்தியின் கனம் பாதிகூடப் பதியாது. கடைசி ஆவர்த்தனத்தில் ஒரு விரல் வழுக்கினாலும் அந்த மெழுகு வீண், புது மெழுகு வைத்து முதலில் இருந்து. இன்றைக்குத் துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டுகிற மாதிரி ஒன்றும் செய்ய முடியாது. பெரிய தட்டில் நாலு நிமிடத்துக்குச் சற்று மேலே, சின்னத் தட்டில் மூன்று நிமிடம், அதற்குள் உருப்படி முடிந்தாக வேண்டும். அதனால்தான் அவர் வாசித்த பெரிய கொன்செர்ட்டோக்கள் எதையும் முழுதாக நாங்கள் இன்று கேட்க முடியாது. பேரியோவின் ஏழாவது கொன்செர்ட்டோவில் இருந்து கிடைப்பதுபோல ஒரு பகுதி கிடைத்தாலே பெரிய காரியம். சிபேலியஸின் கொன்செர்ட்டோவுக்குப் பதில் அவருடைய 'வால்ஸ் திரிஸ்த்' என்ற சின்ன உருப்படிதான் தட்டில் இருக்கிறது. அந்தக் கொன்செர்ட்டோ பதிவாகாமல் போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

இந்த நிலைமையிலும் 1904 முதல் 1919 வரை விக்டருக்குத் தொடர்ந்து வாசித்தார். இசைத்தட்டை அவர் கச்சேரிக்குக் குறைந்ததாக நினைக்கவில்லை. நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு, தன் தட்டுகளில் எவற்றை மேடையில் வாசிக்க வேண்டும் என்று மக்களிடமே வாக்குக் கேட்டு, அவர்கள் தெரிந்ததையே வாசித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடைய பக்கத்தில், கல்கத்தாவில் 1902 இல் முதல் பதிவுக்காரர்கள் வந்தபோது குழாயின் முன்னால் துணிந்து பாடியது கௌஹர் ஜான் என்ற பெண்மணி. பெரிய உஸ்தாத்மார் பலர் இது என்ன பெட்டி என்று தயங்கி நின்ற நேரம். இரண்டு நாட்டிலும் பெண்கள் முன்னுக்கு நின்றிருக்கிறார்கள் என்பதை இசை பற்றி எழுதுகிறவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என்னிடம் படிக்கிற மூத்த பிள்ளைகளுக்கு மஸ்னேயின் 'தாயீஸ்' என்ற இசை நாடகத்தில் வரும் 'மெடிற்றேஷன்' உருப்படியை மோட் பவலின் தட்டில் போட்டுக் காட்டுவேன். முதலில் "இரைச்சலாக இருக்கு ரீச்சர்" என்பார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன், ஏனென்றால் காது அந்த இரைச்சலைத் தானாகவே ஒதுக்கிவிடும். பிறகு பாருங்கள், ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததற்கு விரலைத் தூக்காமல் இழுத்துப் போகிற இடம் வரும். நாங்கள் ஜாரு என்கிறோமே, அதேதான், மேற்கத்தைய சங்கீதத்தில் அந்தக் காலத்தில் தாராளமாக இருந்த ஒன்று, பிற்காலத்தில் நன்றாகக் குறைந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அது வீட்டுச் சாமான் மாதிரி உடனே பிடிபடுகிறது. வில்லை எங்கே மாற்றுகிறார் என்று கண்டுபிடி என்று ஒரு பிள்ளையிடம் சொன்னேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "மாத்திறதே தெரியேல்லை ரீச்சர், திருப்பிப் போடுங்கோ" என்றாள். அந்தச் சுத்தமான வில்வேலை யோவாகிம் பள்ளியில் படித்தது. யோவாகிமின் தட்டுகளும் இருக்கின்றன, 1903 இல் எழுபது வயது தாண்டி வாசித்தவை, ஆனால் முதுமை தெரிகிறது. அவருடைய மாணவி கை முழு வலுவோடு இருந்த வயதில் வாசித்தது அடுத்த வருடம் தொடங்கிப் பதிவாகியிருக்கிறது.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று என்று பொதுவாகச் சொன்னாலும் அந்தக் காலத்துத் தட்டுகளில் 74, 76 என்று மெதுவாகச் சுற்றிப் பதிந்தவையும் உண்டு. அதை 78 இல் ஓடவிட்டு யூரியூப்பில் ஏற்றினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும், வேகமும் கூடிவிடும், வாசிப்பவர் அவசரப்படுகிறார் என்று கேட்கிறவர் நினைத்துக்கொள்வார். தாயீஸ் உருப்படி இரண்டு கட்டையில் அமைந்தது. சுருதிப்பெட்டியை இரண்டு கட்டையில் வைத்துக்கொண்டு அந்த வீடியோவைப் போடுங்கள், ஒத்துப் போகவில்லை என்றால் அந்தப் பதிவை விட்டு வேறொன்றைத் தேடுங்கள். இந்தச் சோதனையே பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பயிற்சி.

மோட் பவல் 1911 இல் பதிந்த 'டீப் ரிவர்' பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் பக்திப் பாட்டு அது. லண்டனில் வாழ்ந்த இசையமைப்பாளர் கோல்ரிட்ஜ் ரெய்லர், அவருடைய தகப்பன் ஆபிரிக்காவின் சியரா லியோனைச் சேர்ந்தவர், பியானோவுக்கு அமைத்ததை மோட் பவல் வயலினுக்கு மாற்றினார். நிற வெறி தலைவிரித்தாடிய நாட்டில், வெள்ளைக்காரர் காசு கொடுத்து வந்து இருக்கும் மண்டபங்களில், ஒரு வெள்ளைக்காரப் பெண் அந்தப் பாட்டைக் கச்சேரி உருப்படியாக வைத்தார். அடுத்த வருடம் கோல்ரிட்ஜ் ரெய்லர் எழுதிய வயலின் கொன்செர்ட்டோவையும் கனெக்டிகட்டில் முதலில் வாசித்தது அவர்தான். அந்த டீப் ரிவர் தட்டில் கீழ்த் தந்தியில் ஆரம்பிக்கிற இடத்தைக் கவனியுங்கள், குழாய் அந்தக் கனத்தை முழுதாகப் பிடிக்காவிட்டாலும் வில்லின் அழுத்தம் கேட்கிறது.

எங்கள் தாய்மாருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயம் வேறொன்று. "ஆசிரியர் தரம் முடிச்சிட்டாள், இனிக் காணும்தானே ரீச்சர். கலியாணம் முடிஞ்சால் ஆர் இதைத் தூக்கிக்கொண்டு திரியப் போகினம்?" என்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களிலும் பிழை சொல்ல முடியாது, ஊர் நடப்பு அப்படி. மோட் பவல் கலியாணம் முடித்தது 1904 இல், முதல் இசைத்தட்டு வந்த அதே வருடம். கணவர் கொட்ப்ரி ரேணர் என்ற ஆங்கிலேயர், மனைவியின் கச்சேரிகளை ஒழுங்கு செய்வதையே தன் வேலையாக்கிக்கொண்டார். மோட் பவல் மிகக் கூடுதலாகப் பயணம் செய்ததும், தென்னாபிரிக்கா வரைக்கும் போனதும், சிபேலியஸை அரங்கேற்றியதும், பதினைந்து வருடம் தட்டுகள் பதிந்ததும் எல்லாம் கலியாணத்துக்குப் பிறகுதான். பெரிய நகரங்களோடு நிற்காமல் சின்னச் சின்ன ஊர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போனார், முதலாம் உலகப் போரில் இராணுவ முகாம்களில் வாசித்தார். 1919 நவம்பரில் சென் லூயிஸில் மேடையிலேயே மயங்கி விழுந்தார். கொஞ்ச நாளில் எழும்பி மறுபடியும் பயணம். 1920 ஜனவரி 8 ஆம் திகதி பென்சில்வேனியாவில் யூனியன்டவுன் என்ற ஊரில், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே, மாரடைப்பால் காலமானார். 52 வயதுதான். கிராமி அமைப்பு வாழ்நாள் சாதனை விருதை அவருக்குக் கொடுத்தது 2014 இல், இறந்து 94 வருடம் கழித்து. உலகமே அவ்வளவு காலம் மறந்திருந்த ஒருவரை உங்கள் கட்டுரையாளர் விட்டுவிட்டார் என்பதற்காக அவரைக் கடிய நான் வரவில்லை, ஆனால் இப்போது தெரிந்துகொண்ட பிறகாவது எழுதலாம்.

தனி வயலின் எங்கள் மரபில் இல்லை, பக்கவாத்தியம்தான் அதன் இடம் என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். துவாரம் வெங்கடசாமி நாயுடு 1938 இல் வேலூரில் தனிக் கச்சேரி செய்து அந்தப் பேச்சுக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார். இந்த மண்ணிலேயே வி. லட்சுமிநாராயணா இருந்து இசை கற்பித்திருக்கிறார், வயலின் தனித்து நிற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர் அவர். மகன் எல். சுப்பிரமணியம் சின்ன வயதில் முதன்முதலாக மேடை ஏறியது யாழ்ப்பாணத்தில்தான். 1958 கலவரத்தால் அந்தக் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டது, எங்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதைப் பிறகு உலகம் முழுக்க அவர்கள் வாசித்த வாசிப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆகவே மரபு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். இருந்த மரபைத் தொடர ஆட்கள் இப்போது இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலானோர் பெண் பிள்ளைகள், மேடைதான் இல்லை.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதியில் மோட் பவலுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள், படமும் போடுங்கள். அவருடைய தட்டுகளை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'நாஷனல் ஜூக்பாக்ஸ்' இணையத்தளத்தில் காசில்லாமல் கேட்கலாம், நாக்சோஸ் கொம்பனி நாலு தொகுதிகளாகவும் வெளியிட்டிருக்கிறது என்ற விவரத்தையும் சேர்த்துவிட்டால் ஆசிரியர்களுக்கு உதவியாக இருக்கும். இதைப் படிக்கிற கோயில் நிர்வாக சபைக்காரரிடமும் திருவிழா உபயகாரரிடமும் ஒரு விண்ணப்பம்: வருகிற திருவிழாவில் ஒரு நாள் இரவு நிகழ்ச்சியை உங்கள் ஊரிலேயே ஆசிரியர் தரம் முடித்த ஒரு பெண் பிள்ளையின் தனி வயலினுக்குக் கொடுங்கள். வெளியில் இருந்து கூப்பிடுகிற குழுவுக்குக் கொடுக்கும் சன்மானத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது, மிருதங்கத்துக்கும் ஊரிலேயே ஆள் இருக்கு. முன் வரிசையில் சின்னப் பிள்ளைகளை இருத்துங்கள். நேரம் மட்டும் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் கொடுங்கள், அரை மணித்தியாலத்தில் ஒரு இராகத்தைக்கூட ஒழுங்காக ஆலாபனை செய்ய முடியாது.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில்.